மேவ் கொடுக்க முன்வந்த விலை: ஐரிஷ் தொன்மத் தொடர்களின் கணக்கு வழக்கு

கொனாக்ட் நாட்டு ராணி மேவ் ஒரு காளையை ஒரு வருடத்துக்கு இரவல் கேட்டு ஆள் அனுப்புகிறாள். காளையின் பெயர் டொன் கூல்ன்யா. நிற்பது அல்ஸ்டர் நாட்டில், டாரே என்பவனின் தொழுவத்தில். இரவலுக்கு 50 கிடாரிகள் தருவதாகச் சொல்கிறாள். டாரேயே காளையை ஓட்டிக்கொண்டு வந்தால் இன்னும் உண்டு. அவனிடம் இப்போது உள்ள அளவுக்கு நிலம், மூவேழு குமல் (அங்கே மதிப்பை அளக்கும் ஓர் அலகு) பெறுமானமுள்ள ஒரு தேர், அதோடு ராணியின் அந்தரங்க நட்பும். டாரே உட்கார்ந்திருந்த திண்டின் தையல் பிரியும்படி துள்ளிக் குதித்தான் என்கிறது ஏடு. ஒப்புக்கொண்டும் விடுகிறான். அன்று இரவு விருந்தில் குடித்த தூதர்களில் ஒருவன், "தரமாட்டேன் என்றிருந்தாலும் பிடுங்கிக்கொண்டுதான் போயிருப்போம்" என்று உளறுகிறான். பேச்சு டாரேயின் காதுக்குப் போகிறது. விடிந்ததும் காளை கிடையாது. போர் மூள்கிறது.

அயர்லாந்தின் பழங்கதைகளில் மிகப் பெரியதான ‘டாய்ன் போ கூல்ன்யா’ தொடங்கும் விதம் இது. இந்தக் கதைகளின் மேல் எழுப்பிய ஃபேன்டசித் தொடர்களைக் கையில் எடுக்கிறவர்கள் பலர், முதல் பாகத்தின் பாதியிலேயே "ஒரு மாட்டுக்கா இத்தனை கொலை?" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். வெட்சித் திணை படித்தவருக்கு இது புதிதல்ல. டாய்ன் என்ற சொல்லுக்கே ஆநிரை கவர்தல் என்றுதான் பொருள். ‘டாய்ன் போ’ என்று தலைப்பு தொடங்கும் கதைகள் வேறு சிலவும் உண்டு. ஆனால் இந்தப் போருக்குக் காரணம் மாடு அல்ல. மாடு விலை பேசி முடிந்துவிட்டது, முறிந்தது வாய்ப்பேச்சால். எந்தச் சொல் எவ்வளவு பெரிய இழப்பு என்பது அந்தச் சமூகத்தில் தெளிவாக எண்ணி வைக்கப்பட்டிருந்தது. அந்த எண்ணிக்கை புரியாமல் படித்தால் இந்தத் தொடர்களில் மந்திரமும் பனிமூட்டமும்தான் கண்ணில் படும். கதையை நகர்த்துகிற இயந்திரம் படாது.

முகத்தின் விலை

பழைய ஐரிஷ் சட்டத்தில் ஒவ்வொரு சுதந்திர மனிதனுக்கும் ஒரு விலை உண்டு. அதன் பெயர் ‘லோக் நெனெஹ்’. சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘முகத்தின் விலை’. ஒருவனைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ, அவன் அடைக்கலம் கொடுத்தவனைத் தொட்டாலோ, அவனுக்கு விருந்து தர மறுத்தாலோ, நியாயமில்லாமல் வசைப்பாட்டுப் பாடினாலோ, குற்றத்துக்குரிய மற்றத் தண்டங்களோடு இந்த முகவிலையையோ அதில் ஒரு பங்கையோ கட்ட வேண்டும். நம் பேச்சில் முகத்தில் கரி பூசுவது, முகங்கொடுத்துப் பேசுவது என்று வருவதெல்லாம் அங்கே ரசீது போடக்கூடிய தொகை.

கணக்கின் அலகுகள் இரண்டு. ‘ஷேட்’ என்பது ஒரு கிடாரியின் மதிப்பு, ஏறத்தாழ அரைக் கறவை மாடு. ‘குமல்’ என்றால் அடிமைப் பெண் என்று பொருள்; கணக்கில் அது பெரும்பாலும் மூன்று கறவை மாடு. 8ஆம் நூற்றாண்டையொட்டிய ‘க்ரீஹ் கவ்லஹ்’ என்ற அந்தஸ்துச் சட்ட ஏட்டின்படி, சிறு குடியானவனான ஓகரேயின் முகத்துக்கு 3 ஷேட். வசதியான குடியானவன் போஅரேக்கு 5 ஷேட். ஒரு சிறு நாட்டின் அரசனுக்கு 7 குமல். இப்போது மேவ் சொன்ன தேருக்குத் திரும்புங்கள். மூவேழு குமல் என்றால் மூன்று அரசர்களின் முகவிலை. தேர் மட்டுமே அவ்வளவு. டாரே ஏன் துள்ளினான் என்பதும், அத்தனையையும் தூக்கி எறிய வைத்த அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு கனமானது என்பதும் அப்போதுதான் தெரியும்.

முகவிலை வெறும் நஷ்டஈடு அல்ல. ஒருவன் தன் சொந்தப் பொறுப்பில் எவ்வளவு பெரிய ஒப்பந்தம் செய்யலாம் என்பதற்கு அதுதான் உச்சவரம்பு. சாட்சி சொல்லும்போது பெரிய முகம் சின்ன முகத்தை அடித்துவிடும். நல்ல தொடராசிரியர்கள் இதைச் சத்தமில்லாமல் பயன்படுத்துவார்கள்: கண்ணால் கண்ட சிறுவன் சொல்வது அவையில் எடுபடாது, பார்க்காத பிரபு சத்தியம் செய்தால் தீர்ப்பு முடிந்துவிடும். படிப்பவருக்கு இது அநியாயமாகத் தோன்றும். அந்த உலகத்தில் அது நடைமுறை.

முகவிலை ஏறும், இறங்கும். மண்வெட்டியோ சம்மட்டியோ கோடரியோ பிடித்து வேலை செய்கிற அரசனுக்குக் குடியானவனின் விலைதான். புறமுதுகிட்டு ஓடும்போது பின்கழுத்தில் காயம் பட்டவனுக்கும் அப்படியே. ஆக, மாறுவேட அரசன் ஒருவன் கிழவிக்காக விறகு பிளக்கும் காட்சி வந்தால், மற்ற ஃபேன்டசிகளில் அது பணிவைக் காட்டும் இனிய காட்சி. ஐரிஷ் சட்டகத்தில் அவன் தன் பட்டத்தையே பணயம் வைக்கிறான். அது தெரிந்து எழுதியிருக்கிறாரா, தெரியாமல் எழுதியிருக்கிறாரா என்பது அடுத்த இரண்டு பக்கத்தில் வெளிப்பட்டுவிடும்.

உடலில் குறையுள்ளவன் அரசனாக நீடிக்க முடியாது என்பது இன்னொரு விதி. தொன்மத்தில் நூஅடா என்ற அரசன் போரில் கையை இழக்கிறான், கூடவே அரியணையையும். வெள்ளியில் கை செய்து பொருத்திய பிறகும் கதை நீள்கிறது. இது புராணத்துக்கு மட்டும் என்று நினைத்தால், தேனீ வளர்ப்புத் தகராறுகளுக்கென்றே எழுதப்பட்ட பழைய சட்ட ஏடு ஒன்று இருக்கிறது. 637இல் மாய் ராஹ் போரில் இறந்த கொங்கல் என்ற உண்மையான அரசனின் கண்ணைத் தேனீ கொட்டிக் குருடாக்கியது, அதனால் அவன் தீவின் தலையாய அரசிருக்கையான டாராவின் அரசுரிமையை இழந்தான் என்று அந்த ஏடு முன்தீர்ப்பாகக் குறிக்கிறது. அவன் பெயரோடு ஒட்டிய ‘கைஹ்’ என்ற அடைமொழிக்குப் பொருள் ஒற்றைக்கண்ணன். எந்த நாவலாசிரியரும் இப்படி ஒரு காரணத்தைக் கற்பனை செய்யத் துணியமாட்டார்.

அரசன் என்றதும் பெரிய பேரரசை நினைக்கக்கூடாது. ‘தூஅ’ என்பதுதான் அடிப்படை நாடு. தீவு முழுவதும் ஒரே காலத்தில் சுமார் 150 அரசர்கள் இருந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. நம் வேளிரையும் குறுநில மன்னரையும் மனதில் வைத்துக்கொண்டால் அளவு சரியாக வரும். மூத்த மகன் என்பதற்காக மட்டும் பட்டம் வராது. அரச குலத்துத் தகுதியுள்ள ஆண்களில் ஒருவன் தேர்வாவான். முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்ட வாரிசுக்குப் பெயர் டானிஷ்டா. இன்றைய அயர்லாந்தில் துணைப் பிரதமரின் பதவிப் பெயரும் அதுவேதான். ஒரு தொடரில் சித்தப்பாவும் அண்ணன் மகனும் ஒன்றுவிட்ட அண்ணன்களும் ஓயாமல் வெட்டிக்கொள்வது ஆசிரியரின் ரத்தவெறி அல்ல, இந்த வாரிசு முறை.

ஏழைக்கும் ஓர் ஆயுதம் இருந்தது. பிரபுவிடம் கடனை வசூலிக்க வேண்டுமென்றால் நேரே போய் மாட்டைப் பிடிக்க முடியாது. முதலில் அவன் வாசலில் உண்ணாமல் கிடக்க வேண்டும். ‘ட்ரொஸ்கட்’ என்று பெயர். பிணை கொடுக்காமல் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிற பிரபு தன் முகத்தை இழப்பான், கடனும் கூடும். இந்தியாவின் தர்ணாவோடு இதை அறிஞர்கள் நெடுநாளாக ஒப்பிட்டு வருகிறார்கள். தொடரில் யாராவது வாசலில் பட்டினி கிடந்தால் அதைச் சோகக் காட்சியாகப் படிக்காதீர்கள். அது வழக்குத் தாக்கல்.

கெஷ்: யார் கையில் சாவி இருக்கிறது

வாசகர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். ‘கெஷ்’, பன்மையில் ‘கெஸா’. ஒருவன்மேல் விதிக்கப்பட்ட விலக்கு. சாபம் என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு; அது பாதிதான் சரி. சாபம் மேலிருந்து விழும், கெஷ்ஷை மற்றவர்கள் திருகலாம். ஒருவனின் கெஷ் என்னவென்று தெரிந்த எதிரி அவனை வாளின்றி வீழ்த்துவான்.

ஃபெர்கஸ் கதையைப் பிரித்துப் பார்த்தால் இந்தப் பொறி முழுவதும் தெரியும். அல்ஸ்டர் அரசன் கொனஹர் தனக்கென்று வளர்த்த டெர்ட்ரா என்ற பெண், நீஷா என்பவனோடும் அவன் சகோதரர்களோடும் ஓடிப்போகிறாள். ஆண்டுகள் கழித்து அரசன் அவர்களைத் திரும்ப அழைக்கிறான். உயிருக்கு ஆபத்தில்லை என்று பிணை நிற்பவர்களில் முக்கியமானவன் ஃபெர்கஸ். அவன் கூட இருக்கும்வரை அவர்களைத் தொட முடியாது. தொட்டால் அவன் முகத்தை மிதித்ததாகும். ஆனால் விருந்துக்கு அழைத்தால் மறுக்கக்கூடாது என்பது ஃபெர்கஸின் கெஷ். கொனஹர் ஆள் வைத்து வழியில் விருந்து ஏற்பாடு செய்கிறான். நீஷாவும் சகோதரர்களுமோ, அயர்லாந்தில் கொனஹரின் சோற்றைத் தின்னும்வரை வேறு எவன் சோற்றையும் தொடமாட்டோம் என்று சொல்லியிருப்பவர்கள். ஆகவே அவன் விருந்தில் தங்க, இவர்கள் பசியோடு முன்னே போக, கோட்டை வாசலில் கொலை. கூடச் சென்ற ஃபெர்கஸின் மகனும் செத்துப்போகிறான்.

இங்கே மந்திரம் எங்கே? ஒரு சொட்டு இல்லை. ஒரு பிணை, ஒரு விலக்கு, ஒரு வாக்கு. மூன்றையும் ஒரே சாலையில் மோதவிட்டான் அரசன். பிணை முறிந்த ஃபெர்கஸ், கோட்டையைக் கொளுத்திவிட்டு ஆயிரக்கணக்கான ஆட்களோடு எதிரி நாட்டுக்குப் போகிறான். அதனால்தான் டாய்னில் மேவின் படைக்கு வழிகாட்டுகிறவன் அல்ஸ்டர்காரனாக இருக்கிறான். அதனால்தான் அந்த வழிகாட்டல் அடிக்கடி சுற்றுவழியாகவும் இருக்கிறது.

இன்னொரு வகை, அடுக்கி வைத்த கெஸா. டாராவின் அரசன் கொனரே மேல் ஒரு பட்டியலே உண்டு: பறவைகளை வேட்டையாடக்கூடாது, டாராவை வலமாகவும் ப்ரெகா சமவெளியை இடமாகவும் சுற்றக்கூடாது, ஒன்பதாவது இரவுதோறும் டாராவுக்கு வெளியே தங்கக்கூடாது, செவ்வண்ணர் மூவர் செவ்வண்ணன் வீட்டுக்குத் தனக்கு முன்னே போகக்கூடாது, தன் ஆட்சியில் கொள்ளை நடக்கக்கூடாது. இவை ஒவ்வொன்றாக உடைந்து, கடைசியில் டா டெர்கா விடுதியில் அவன் சாவது கதை. மேலோட்டமாகப் படிப்பவர் விதி துரத்துகிறது என்பார். ஏட்டை உற்றுப் பார்த்தால் முதல் விரிசல் ஒரு தீர்ப்பில் விழுகிறது. கொள்ளையடித்துப் பிடிபட்டவர்களில் கொனரேயின் வளர்ப்புச் சகோதரர்களும் இருக்கிறார்கள். மற்றவர்களை அவரவர் தந்தையே கொல்லட்டும், என் சகோதரர்களை விட்டுவிடுங்கள் என்கிறான். சொன்ன பிறகு தவறை உணர்ந்து எல்லாரையும் நாடுகடத்துகிறான். போனவர்கள் கடற்கொள்ளையனைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். அரசன் நீதி தவறினால் மழையும் விளைச்சலும் தவறும் என்ற நம்பிக்கை அங்கே உறுதி. ‘முறைகோடி மன்னவன் செய்யின்’ என்ற குறளை மனப்பாடம் செய்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். தீர்ப்பு கோணியதும் கெஸா தாமாக வந்து உடைகின்றன. சாலையில் முன்னே போகும் மூன்று சிவப்புக் குதிரைவீரர்களைக் கொனரேயின் மகன் விரட்டுகிறான், பிடிக்க முடியவில்லை. "உயிரோடு இருக்கிறோம், ஆனாலும் செத்தவர்கள்" என்கிறார்கள் அவர்கள். மொத்தக் கதையிலும் குளிர் ஏறும் இடம் அது.

அரசன் ஏன் வளர்ப்புச் சகோதரர்களிடம் தடுமாறினான் என்பதற்கும் சட்டத்தில் விடை உண்டு. ஏறக்குறைய ஏழு வயதில் பிள்ளையை வேறு குடும்பத்தில் வளர்க்க விடுவது வழக்கம். அதற்குக் கட்டணமும் இருந்தது: ஓகரேயின் மகனுக்கு 3 ஷேட், அரசன் மகனுக்கு 30. பழைய ஐரிஷில் ‘அப்பா’, ‘அம்மா’ போன்ற கொஞ்சல் சொற்கள் பெற்றவர்களுக்கு அல்ல, வளர்த்தவர்களுக்கே உரியவை. டாய்னில் அல்ஸ்டர் வீரன் கூ ஹல்லினும், மேவின் பக்கம் நிற்கும் அவன் வளர்ப்புச் சகோதரன் ஃபெர்டியாவும் ஆற்றுத்துறையில் நாட்கணக்கில் சண்டையிட்டு, இரவில் மருந்தையும் உணவையும் பகிர்ந்துகொள்வது இந்த உறவினால்தான். அந்தத் துறை இன்று ஆர்டீ என்ற ஊர். ஃபெர்டியாவின் துறை என்பதுதான் பெயரின் பொருள்.

பெயர்களோடு மல்லுக்கட்டுவது

ஆங்கிலத்தில் வரும் தொடர்களில் பெயர்கள் ஐரிஷ் எழுத்துக்கூட்டலிலேயே நிற்கும். ஆங்கில ஒலியில் வாசித்தால் சிரிப்புத்தான். நாலைந்து விதிகள் தெரிந்தால் முக்கால்வாசி சரியாகிவிடும். சி எப்போதும் க, ஒருபோதும் ச அல்ல. எஸ் எழுத்துக்குப் பக்கத்தில் ஐ அல்லது ஈ உயிர் இருந்தால் ஷ. பி-எச், எம்-எச் இரண்டும் வ. அயல் உயிரைப் பொறுத்துச் சில இடங்களில் ஔ போலக் கரையும். எஃப்-எச் வந்தால் ஒலியே கிடையாது. எஸ்-எச் என்றால் ஹ. உயிரின் தலையில் கோடு இருந்தால் நெடில். இதன்படி நவம்பர் திருவிழா சாம்ஹைன் அல்ல, ‘சௌயின்’. பெண்பெயர்கள் நீவ், ஈஃபா, கிரான்யா, வீரன் பெயர் உஷீன், கடவுள் லூ.

எச் போட்டு எழுதுவது மெய் நெகிழ்வதன் அடையாளம். தமிழில் ‘பகல்’ என்னும்போது க நெகிழ்கிறது, நாம் எழுத்தை மாற்றுவதில்லை. அவர்கள் எழுதிக் காட்டுகிறார்கள், அதோடு இலக்கணத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். முருகன் என்பவனை முருகா என்று கூப்பிடும்போது நமக்குச் சொல்லின் வால் மாறும். அவர்களுக்குத் தலையும் சேர்ந்து மாறும். ஷேமஸ் என்பவனைக் கூப்பிட்டால் ‘அ ஹேமிஷ்’. இது தெரியாமல் ஷேமஸும் ஹேமிஷும் இரண்டு பாத்திரங்கள் என்று நூறு பக்கம் ஓட்டியவர்கள் இருப்பார்கள்.

‘மாக்’ என்றால் மகன் (ஒலி ஒத்துவருவது தற்செயல்). ‘ஓ’ என்றால் பேரன், விரிந்த பொருளில் வழித்தோன்றல். பெண்ணுக்கு ‘நீ’ வரும். பரம்பரைக் குடும்பப் பெயர்கள் 10ஆம் நூற்றாண்டையொட்டித்தான் நிலைக்கின்றன. அதற்கு முன் நடக்கிற கதையில் ஊரெல்லாம் குடும்பப் பெயரோடு திரிந்தால் ஆசிரியர் அவசரப்பட்டிருக்கிறார். ஒரே பெயருக்குப் பழைய, நடுக்கால, இன்றைய எழுத்துக்கூட்டல்கள் தனித்தனியே இருப்பதும் குழப்பும். மேவின் பெயரே ஐரிஷில் மூன்று விதமாக எழுதப்படும், ஆங்கில வடிவம் நான்காவது. ஒரு ஆசிரியர் ஒரே தொடரில் மூன்றையும் கலந்தால் அவர் அகராதியிலிருந்து பொறுக்கியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். அதனால் கதை கெட்டுவிடாது, ஆனால் காலக்கணக்கை அவரிடம் எதிர்பார்க்கக்கூடாது.

மேட்டுக்குள் ஓர் உலகம்

‘ஷீ’ என்பது மண்மேடு. அதற்குள் வாழ்பவர்களுக்கும் அதே பெயர். பான்ஷீ என்று நாம் அறிந்த சொல்லின் பொருள் ஷீப் பெண். தூஅஹா டே டனன் என்ற தெய்வக் கூட்டம், பின்வந்த மனிதர்களுக்கு நிலத்தின் மேற்பகுதியை விட்டுவிட்டு மேடுகளுக்குள் போனதாகக் கதை. அங்கே காலம் வேறு கணக்கில் ஓடும்.

நேராவின் கதை இதற்குச் சிறந்த மாதிரி. சௌயின் இரவு, மேவும் அவள் கணவனும் ஆளும் க்ரூஹன் கோட்டை. தூக்கில் தொங்கும் பிணத்தின் காலில் மிலார் வளையம் மாட்டி வருபவனுக்குப் பரிசு என்கிறான் அரசன். நேரா போகிறான். பிணம் தாகம் என்று பேசுகிறது. முதுகில் சுமந்து மூன்று வீடு ஏறுகிறான். முதல் வீட்டைச் சுற்றித் தீ, ஏனென்றால் அங்கே அடுப்பு ஒழுங்காக மூடப்பட்டிருந்தது. இரண்டாவதைச் சுற்றி நீர், அங்கே கழுவிய தண்ணீர் மிச்சமில்லை. மூன்றாவதில் அழுக்குத் தண்ணீர் கிடந்தது. பிணம் குடித்து, கடைசி வாயை வீட்டார்மேல் உமிழ, எல்லாரும் சாகிறார்கள். திரும்பி வரும் நேரா, கோட்டை எரிந்து தலைகள் குவிந்து கிடப்பதைக் காண்கிறான். எரித்த படையைப் பின்தொடர்ந்து குகைக்குள் போய், அங்கேயே ஒரு பெண்ணை மணந்து வாழ்கிறான். அவள்தான் சொல்கிறாள்: நீ கண்டது இன்னும் நடக்கவில்லை, போய் எச்சரி. நம்ப வைக்க என்ன ஆதாரம்? கோடையின் செடிகள்: காட்டுப் பூண்டு, ப்ரிம்ரோஸ் பூ, பொன்னிறப் பெரணி. வெளியே வந்தால் அரசனின் கூட்டம் அதே சோற்றுக் கொப்பரையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. உலை இன்னும் இறக்கவில்லை.

இந்தக் குகை நிஜம். ராஸ்காமன் மாவட்டத்தில் ஓவெனகட், பூனைகளின் குகை. அதன் வாசல் உத்தரக்கல்லில் ஓகம் எழுத்தில், மெத்வின் மகன் ஃப்ரோஹ் என்பவனுக்குரியது என்று வெட்டியிருக்கிறது. ஓகம் கல்வெட்டுகள் சுமார் 400 கிடைத்திருக்கின்றன. அநேகமாக எல்லாமே இப்படி ‘இன்னாரின் மகன் இன்னாரது’ என்ற வகைதான். கல்லின் விளிம்பை நடுக்கோடாக வைத்து, அதன் இருபுறமும் குறுக்கேயும் ஒன்று முதல் ஐந்து கீற்றுகள்; கீழிருந்து மேலே வாசிப்பது. மாயமந்திரச் சூத்திரங்களை ஓகத்தில் வெட்டித் தள்ளும் தொடர்கள் நடுகல்லை மந்திரத் தகடாக்குகின்றன. அழகாக இருக்கலாம், ஆனால் அது புதுக்கற்பனை.

பாய்ன் ஆற்றங்கரை மேட்டை தெய்வக் கூட்டத்து ஏங்கஸ் எப்படிக் கைப்பற்றினான் என்ற கதையைத் தமிழில் சொல்வதில் ஒரு தனிச் சுகம் உண்டு. "பகலும் இரவும் இங்கே இருந்துகொள்கிறேன்" என்று தந்தை டக்டாவிடம் கேட்கிறான். ஒரு நாள் கழிந்து கிளம்பச் சொன்னால், "உலகமே பகலும் இரவுமாகத்தானே கழிகிறது, எனக்குத் தந்ததும் அதுதான்" என்கிறான். ஐரிஷில் பெயருக்கு முன் ‘ஒரு’ என்று சேர்க்கும் கட்டாயம் கிடையாது, நம்மைப் போலவே. ஆங்கிலத்தில் அதைச் சேர்த்தால் தந்திரம் செத்துவிடும், சேர்க்காவிட்டால் வாக்கியம் நொண்டும். அந்தப் பக்கம் உங்களுக்குப் பிடிபடாமல் போனால் குறை மொழிபெயர்ப்பில்தான்.

எது எந்தக் காலம்

அந்த மேடுதான் நியூக்ரேஞ்ச். கட்டியது கி.மு. 3200 அளவில். குளிர்கால நீள்இரவை ஒட்டிய விடியலில், வாசலுக்கு மேலுள்ள திறப்பு வழியாக 19 மீட்டர் நடைவழியைத் தாண்டி ஒளி உள்ளறைக்குப் போய் 17 நிமிடம் நிற்கும். ஐரிஷ் மொழி அந்தத் தீவுக்கு வந்தது அதற்கு வெகுகாலம் பிறகு. கட்டியவர்களை மறந்துபோன மக்கள், இருந்த மேட்டுக்குக் கதை சொன்னார்கள். கொனஹரின் தலைநகரான எவின் மஹாவும் அப்படித்தான். ஆர்மா நகருக்கு அருகே நேவன் கோட்டை என்று அறியப்படும் அந்த இடத்தில் 40 மீட்டர் அகல மரக் கட்டடம் ஒன்று இருந்தது. நடுத்தூண் கருவாலியை வெட்டியது கி.மு. 95இன் கடைசியிலோ அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலோ என்று மர வளையங்கள் காட்டுகின்றன. கட்டி முடித்ததும் உள்ளே கல்லை அடுக்கி, கொளுத்தி, மேலே புல்மண் போட்டு மூடிவிட்டார்கள். அதற்கு முந்தைய வீடுகளின் அடுக்கில் கிடைத்தது வட ஆப்பிரிக்காவின் பார்பரி குரங்கு மண்டையோடு. காடும் மூடுபனியுமாக உலகத்தோடு தொடர்பறுந்த அயர்லாந்தை வரைகிற தொடர்களுக்கு அந்தக் குரங்கு ஒன்றே பதில்.

கதைகளை ஏட்டில் எழுதியவர்கள் கிறித்துவத் துறவிகள். இருப்பவற்றில் பழைய கதைத்தொகுப்பு ஏடு 1100 வாக்கில் எழுதப்பட்டது; அதை எழுதியவர்களில் ஒருவரான மைல் முரா 1106இல் க்ளான்மக்நாய்ஸ் தேவாலயத்துக்குள் கொள்ளையர்களால் கொல்லப்பட்டார். 12ஆம் நூற்றாண்டின் லென்ஸ்டர் ஏட்டில் டாய்ன் முடியும் இடத்தில் இரண்டு குறிப்புகள் உள்ளன. ஐரிஷில்: இதை மாற்றாமல் மனனம் செய்பவருக்கு ஆசி. அடுத்து லத்தீனில்: இந்த வரலாற்றை, அல்லது கட்டுக்கதையை எழுதிய நான் இதில் பலவற்றை நம்பவில்லை, சில பேய்களின் ஏமாற்று, சில கவிஞர் கற்பனை, சில முட்டாள்களின் பொழுதுபோக்குக்கு. தெய்வங்கள் ஏன் சில இடங்களில் வெறும் மனிதர்களாக, நோவாவின் வம்சமாக, சூனியக்காரர்களாக மாறுகிறார்கள் என்பதற்கு இந்த இரட்டை மனம்தான் காரணம். கிரேக்கப் பாணியில் ‘போர்த் தெய்வம்’, ‘கடல் தெய்வம்’ என்று இலாகா பிரித்துப் பட்டியல் போடும் தொடர்கள் இதைத் தட்டையாக்கிவிடுகின்றன.

வரலாற்றுக் காலத்தைத் தொடும் தொடர்களில் வழக்கமான சறுக்கல்கள் மூன்று. உருளைக்கிழங்கு: 16ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு முன்பு இருக்கவே முடியாது, சாப்பாடு பாலும் வெண்ணெயும் தயிர்க்கட்டியும் ஓட்ஸ் கஞ்சியும். காசு: டப்ளினின் வைகிங் அரசன் சிட்ரிக் 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் அடிக்கும்வரை சொந்த நாணயம் இல்லை. விடுதி: ‘ப்ரியுகு’ என்ற விருந்தோம்பி காசு வாங்காமல் வந்தவர்க்கெல்லாம் சோறு போடக் கடமைப்பட்டவன், மறுக்காதவரை அவன் முகவிலை அரசனுக்குச் சமம். மேசைமேல் தங்கக்காசை வீசும் கதாநாயகன் அங்கே வீட்டுக்காரனை அவமதிக்கிறான்.

1014 ஏப்ரல் 23, புனித வெள்ளி, க்ளான்டார்ஃப் போர். ஐரிஷ்காரர் எதிர் வைகிங் என்று எழுதினால் விறுவிறுப்பாக இருக்கும். நடந்தது அப்படியல்ல. மன்ஸ்டரின் ப்ரையன் போரு ஒரு பக்கம். லென்ஸ்டரின் ஐரிஷ் அரசன் மைல் மோர்டாவும் டப்ளினின் சிட்ரிக்கும் மறுபக்கம். சிட்ரிக் ப்ரையனின் மகளை மணந்த மருமகன். சிட்ரிக்கின் தாய் கோர்ம்லா முன்பு ப்ரையனின் மனைவி, மைல் மோர்டாவின் சகோதரி. இந்தக் குடும்பப் படத்தை ஒளிக்காமல் எழுதும் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

படிக்கும்போது ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்வது போதும்: யார் யாருக்குப் பிணை, யார் யார் வீட்டில் வளர்ந்தவர், யாருக்கு என்ன கெஷ். வம்சப் பட்டியல் பின்னிணைப்பில் இருக்கும், இந்த மூன்றும் இருக்காது. கெஷ் ஒன்று வாக்கியத்தின் நடுவில், சும்மா போகிற போக்கில் சொல்லப்படும். அப்போதே குறித்துவிட வேண்டும், இரண்டு பாகம் தள்ளி அதுதான் கதவு. மூலங்களைத் தொடருக்கு முன்னால் முழுக்கப் படிக்கத் தேவையில்லை. நேராவின் கதை சில பக்கம்தான், அதில் தொடங்கலாம். பிறகு நூஅடாவும் லூவும் வரும் மாய் டூரா போர், பிறகு கொனரே. டாய்னைக் கடைசிக்கு வையுங்கள். நடுவில் வரும் ஒற்றைச் சண்டைகளும் இடப்பெயர்க் காரணங்களும் முதல்முறை அலுப்பூட்டும், தாவிப் போகலாம்.

டாய்னின் முடிவில் மேவின் படை தோற்றாலும் காளை க்ரூஹனுக்கு வந்து சேர்கிறது. அங்கே அவள் கணவனின் வெள்ளைக் கொம்புக் காளையோடு மோதி, அதைக் கொன்று, கிழித்த துண்டுகளைக் கொம்பில் சுமந்தபடி தீவெங்கும் உதறிக்கொண்டு, வீடு திரும்பி மார்பு வெடித்துச் சாகிறது. அத்லோன் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது அங்கே விழுந்த இடுப்புத் துண்டால் என்கிறது ஏடு. இருதரப்பும் ஏழு ஆண்டுக்குச் சமாதானம் செய்துகொள்கின்றன. டாரேயின் முகவிலையை யாரும் கட்டியதாக எங்கும் எழுதவில்லை.